ஆதர் இடம் விற்பனைக்கு அல்ல

மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆதர் (கட்டுரையாளர்) இடத்தைக் காசுக்கு விற்கும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். முதல் ஆதருக்கு ஒரு விலை, மூன்றாம் ஆதருக்கு ஒரு விலை. விற்றவரைவிட, கீழே "இடம் இருக்கா அண்ணா?" என்று கேட்டிருந்த இரண்டாம் வருட மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் மனசு கனத்துப்போனது.

ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைக்கூடப் புரட்டாமல் பெயர் மட்டும் வந்தால் அது ஆராய்ச்சி இல்லை. வேலையில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், பிழை வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு சொல்லும் இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஆதர். நாளை அந்தத் தரவு பொய் என்று தெரிந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் பெயர்.

"வாய்ப்பே இல்லையே சார்" என்பீர்கள். இருக்கிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மாணவர்களுக்காக நடத்தும் எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால ஆய்வுத் திட்டம் 1979 முதல் இருக்கிறது. இரண்டு மாத ஆய்வு, உதவித்தொகை உண்டு, உங்கள் கல்லூரி ஆசிரியரே கைடு, அதாவது வழிகாட்டி. அறிவிப்பு வந்த பிறகு கைடைத் தேடினால் மோசமான ப்ரபோசல்தான் எழுத முடியும். முன்பே போய், "சார், இந்தக் கேள்விக்கு நம் ஓபியில் விடை கிடைக்குமா?" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். வெறுங்கையோடு போய் "ஏதாவது ப்ராஜெக்ட் கொடுங்க" என்றால் யாருக்கும் என்ன கொடுப்பதென்று தெரியாது.

எங்கே சறுக்குகிறார்கள் என்றும் சொல்கிறேன். டெங்கு நோயாளிகளைத் தேடி ஏப்ரலில் தொடங்குவார்கள். நம் ஊரில் கூட்டம் வருவது வடகிழக்குப் பருவமழையோடு. எத்தனை நோயாளிகள் வேண்டும் என்ற சாம்பிள் கணக்கை மறப்பார்கள். ஒரு பிரச்சினை நூற்றுக்கு 30 பேரிடம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 4pq/d² கணக்கில் (p அந்த 30, q மீதி 70, d விடை எவ்வளவு முன்பின் போகலாம் என்பது) 5 சதவீதத் துல்லியத்துக்கு 336 பேர் வேண்டும். 10 சதவீதம் போதுமென்றால் 84 பேர். இரண்டு மாதத்தில் எது நடக்கும் என்று நீங்களே பாருங்கள். பழைய கேஸ் ஷீட்டை வைத்துச் செய்வதானால், பழைய கோப்புகளை வைத்திருக்கும் எம்ஆர்டி பிரிவில் முதலில் இருபதை எடுத்து உங்களுக்கு வேண்டிய விவரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அனுமதி கேளுங்கள். பாதிக் கேஸ் ஷீட்டில் உயரமும் எடையும் இருக்காது. எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் வராமல் ஒரு நோயாளியிடமும் தரவு எடுக்காதீர்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காது. நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் தமிழ் வடிவத்தை ஆங்கிலத்தோடு சேர்த்தே கமிட்டிக்குக் கொடுங்கள். அது இல்லாமல் கோப்பு திரும்பி வந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும்.

"வெளிநாட்டு ரெசிடென்சிக்குப் பேப்பர் வேணுமே, நேரம் எங்கே?" என்று, அங்கே மேற்படிப்புப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். நேர்காணலில் "இந்த ஆய்வில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் வாங்கிய பேப்பர் வாய் திறக்காது. தீசிஸ் (ஆய்வேடு) செய்யும் பிஜி (முதுநிலை) அக்காவிடம் போய், அவர் நோயாளிகளிடமே கேட்கக்கூடிய தனிக் கேள்வி ஒன்றுக்கு உதவுகிறேன் என்று சொல்லுங்கள். யார் பெயர் எந்த இடத்தில் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

இதைச் சொல்லும்போது ஆசிரியர்களான நம்மையும் கேட்க வேண்டியிருக்கிறது. கதவைத் தட்டும் பிள்ளையிடம் "முதல்ல பாஸ் பண்ணு" என்று நாம் அனுப்பிவிடுகிறோம். விற்பவர் வெளியே காத்திருக்கிறார். ஒரு மாணவி இரண்டு மாதம் ஓபியில் நின்று எண்பது பேரிடம் பேசி எடுத்த தரவு கைடின் பெயரில் வந்தது. அவள் பெயர் நன்றி சொல்லும் வரியில் இருந்தது. அந்த நான்கு நிபந்தனையையும் அவளுக்கு வகுப்பில் நடத்தியவரும் அதே கைடுதான்.