பத்தினிக் கதை போதும்

நேற்று முன்தினம் நடந்த இணையவழிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்சியில் கொல்லப்பட்ட மிராபல் சகோதரிகள் மூவரைப் பற்றி அரை மணி நேரம் உருகினார் பேச்சாளர். சர்வாதிகாரி ஆசைப்பட்டானாம், அழகி மறுத்தாளாம், சிறையில் கிடந்த கணவர்களைப் பார்க்கப் போய் மூன்று பத்தினிகள் உயிரைவிட்டார்களாம். போகிற போக்கில் கண்ணகியையும் இழுத்துவிட்டார். இயக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஐயா, அவர்கள் அரசியல் செய்தார்கள். அதற்காகத்தான் கொல்லப்பட்டார்கள்.

"விருந்தில் அவள் மறுத்தது உண்மைதானே?" என்று வருவீர்கள். உண்மைதான். 1949இல் ஒரு விருந்தில், சகோதரிகளில் ஒருவரான மினெர்வா ட்ருஹியோவுக்கு இணங்க மறுத்தார். அதற்கு அவருடைய தந்தையும் சிறைக்குப் போனார். ஆனால் கொலை நடந்தது 1960 நவம்பர் 25. நடுவில் இருக்கும் 11 ஆண்டுகளை எங்கே தொலைத்தீர்கள்? மினெர்வா சட்டம் படித்தார். பட்டம் கொடுத்த ஆட்சி, வழக்கறிஞராகத் தொழில் செய்யவிடவில்லை. 1959 ஜூன் 14 அன்று நாட்டுக்குள் வந்து இறங்கிய கிளர்ச்சியாளர்களை ட்ருஹியோவின் படை கொன்று குவித்தது. அந்தத் தேதியையே பெயராக வைத்து ஒரு ரகசிய இயக்கம் எழுந்தது. அதைக் கட்டியவர்களில் மினெர்வா முக்கியமானவர். அவரும் தங்கை மரியா தெரேசாவும் சிறைக்குப் போனதும் அதனால்தான்.

சரி, பத்தினிக் கதைக்கே வருவோம். புவேர்த்தோ பிளாத்தா சிறையில் இருந்தவர்கள் மினெர்வா, மரியா தெரேசா இருவரின் கணவர்கள். மூத்தவர் பாட்ரியாவின் கணவர் அங்கே இல்லவே இல்லை, வேறு சிறையில் இருந்தார். தங்கைகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் உடன் போனார் பாட்ரியா. திரும்பும் வழியில் மூவரையும் அடித்துக் கொன்று, ஜீப்பை மலைச்சரிவில் உருட்டி விபத்து என்றார்கள். ஓட்டுநர் ருஃபினோ தெ லா குரூசும் உடன் கொல்லப்பட்டார். பேச்சாளருக்கு அவர் ஞாபகமே வரவில்லை. கதையில் ஓட்டுநருக்கு என்ன வேலை!

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். என் அத்தை தொழிற்சங்கத்தில் இருந்தவர். தேடுதல் வரும் என்று தெரிந்தால் சந்தா ரசீதுப் புத்தகங்களை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பார். யார் எவ்வளவு பாக்கி என்பது அவருக்கு மனப்பாடம். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் விடாமல் அவர் கைச் சாப்பாட்டைப் புகழ்ந்தார்கள். மாமா மட்டும் "போராளி". நானும் கைதட்டி வைத்தேன், வேறு என்ன செய்ய?

"எப்படியோ பெயர் நாலு பேருக்குப் போய்ச் சேர்ந்ததே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பெயர் போய்ச் சேர்ந்து என்ன, செய்த வேலை சேரவில்லையே. உயிரோடு மிஞ்சிய சகோதரி தெதே, 2014இல் இறக்கும்வரை வந்தவர் போனவருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கைகளின், அக்காவின் பிள்ளைகளையும் அவர்தான் வளர்த்தார். அவரைப் பற்றியும் கூட்டத்தில் மூச்சில்லை. தியாகம் செய்து செத்தால்தான் பெண்ணுக்கு மேடை போலும்.

"எல்லாவற்றிலும் குறை காண்பவள்" என்று பின்னூட்டத்தில் ஒருவர் பட்டம் கொடுத்திருக்கிறார். வைத்துக்கொள்கிறேன். ஏற்பாட்டாளர்களே, அந்தச் சுவரொட்டியில் "காதலை மறுத்த கன்னியர்" என்று போட்டிருக்கிறீர்களே, அதையாவது இன்றைக்குள் எடுங்கள். மூவருக்கும் திருமணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள்.