அது வெறும் தூக்க ஊசி இல்லை

மேலே உள்ள பதிவில் அண்ணா ஒருவர் "ரேடியோ காலர் (விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை) மாட்டுவதற்குப் போடுவது தூக்க ஊசிதான், மிருகத்துக்கு ஒன்றும் ஆகாது" என்று எழுதியிருக்கிறார். தவறு. டர்பனிலிருந்து பிள்ளைகளை ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகத்துக்குக் கூட்டிப்போகிற நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காண்டாமிருகத்துக்குப் போடும் எட்டார்ஃபின் என்ற மயக்க மருந்து, வலியடக்கும் மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. இரண்டு டன் உடம்பைச் சாய்க்கச் சில மில்லிகிராம் போதும். அது மூச்சை அடக்கிவிடும். வெள்ளைக் காண்டாமிருகத்தின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஆபத்தான அளவுக்குக் குறையும். அதனால்தான் கால்நடை மருத்துவர்கள் மூக்கில் குழாய் வைத்து ஆக்ஸிஜன் கொடுக்கிறார்கள், மிரளாமலிருக்கக் கண்ணைக் கட்டுகிறார்கள், வேலை முடிந்ததும் மயக்கத்தை முறிக்கும் மருந்து போடுகிறார்கள். அப்படியும் சில உயிர்கள் எழுந்திருப்பதில்லை.

ஜிம்பாப்வே கறுப்புக் காண்டாமிருகங்களைப் பற்றிய 2001 ஆய்வு ஒன்று, அடிக்கடி மயக்கப்பட்ட பெண் விலங்குகள் குறைவாகக் கன்று ஈன்றதாகச் சொன்னது. அதை மறுத்தவர்களும் உண்டு.

காலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணியில் சிக்கும் காட்டுநாய்க் கூட்டத்தைத் தேடிக் காப்பாற்ற அது உதவுகிறது. ஆனால் ஒவ்வொரு ஊசிக்கும் வலுவான காரணம் வேண்டும். சாணத்திலோ கேமராப் படத்திலோ கிடைக்கும் தகவலுக்காக ஒரு விலங்கைச் சாய்ப்பது நியாயமே இல்லை.