"அந்த நாட்டுக் கலாச்சாரமே அப்படித்தான்" என்ற சாக்கு

ஒரு கம்பெனியின் ஊழல் வெளியே வந்தால் போதும், யாராவது ஒருவர் வந்து "அந்த நாட்டுக் கலாச்சாரமே அப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விடுவார். அதையே கம்பெனிக்காரர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்: "இங்கெல்லாம் கொடுக்காமல் வேலை நடக்காது சார்." கலாச்சாரத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் தலையில் நாம் ஏற்றி வைக்கும் பாரம் ரொம்ப அதிகம்.

நியூயார்க்கில் ஐ.நா. தூதரக அதிகாரிகளுக்குச் சட்ட விலக்கு உண்டு. 2002 வரை வண்டியை எங்கே நிறுத்தி அபராதச் சீட்டு வாங்கினாலும் கட்டாமல் இருக்க முடிந்தது, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1997 முதல் 2002 வரை இப்படிக் கட்டாமல் விட்ட சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ரேமண்ட் ஃபிஸ்மன், எட்வர்ட் மிகுவெல் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அதை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். குவைத் அதிகாரிகள் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 250 சீட்டு. சுவீடன், நார்வே, ஜப்பான்காரர்கள் ஒன்றுகூட இல்லை. கேட்க ஆளே இல்லாத இடத்திலும் சிலர் ஒழுங்காக இருந்தார்கள் என்றால், அது ஊரிலிருந்து கூடவே வந்த பழக்கம்தான். சரி, கலாச்சாரம் ஜெயித்தது என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002 இறுதியில், பாக்கி வைத்தால் தூதரக நம்பர் பிளேட்டையே பறிக்கலாம் என்று நகரத்துக்கு அதிகாரம் வந்தது. மீறல்கள் சுமார் 98 சதவீதம் குறைந்துவிட்டன. யாருடைய நாட்டுப் பண்பாடும் அந்தச் சில மாதங்களில் மாறியிருக்க வாய்ப்பில்லை!

ஜெர்மனியையும் பார்க்கலாம். ஒழுங்குக்குப் பேர்போன நாடு. அமெரிக்கா தன் கம்பெனிகள் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதை 1977இலேயே குற்றமாக்கிவிட்டது. ஜெர்மனியிலோ 1990களின் பிற்பகுதி வரை அப்படிக் கொடுத்த பணத்தைத் தொழில் செலவில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. (வரிக் கணக்கில் அதை எந்தத் தலைப்பில் எழுதினார்களோ!) சட்டம் மாறிய பிறகும் பழைய பழக்கத்தை விடாத சீமென்ஸ், 2008இல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாகச் சுமார் 160 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. உள்ளூரில் நேர்மை, வெளியூரில் கவர் என்ற இரட்டைக் கணக்கைப் பொறுத்துக்கொண்டது கலாச்சாரமா, வரிச் சட்டமா?

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு விஷயத்திலும் இதே குழப்பம்தான். அமெரிக்க நிறுவனங்கள் நன்கொடையும் அறக்கட்டளையுமாகப் பளபளப்பான அறிக்கை போடும். ஜெர்மனியில் 2000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால், மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதை யாரும் சிஎஸ்ஆர் என்று விளம்பரம் செய்வதில்லை. இந்தியாவில் 2013 சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்கியாக வேண்டும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த நாட்டுக்காரனுக்கு மனசாட்சி அதிகம் என்று மார்க் போடுவது வெட்டி வேலை. ஒரு நாட்டில் கடமையாக இருப்பது இன்னொரு நாட்டில் தர்மமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்ப உறுத்துவது ஜப்பானின் ஃபுகுஷிமா அறிக்கை. அணு உலை விபத்தை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் கியோஷி குரோகாவா, 2012இல் ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில் இது "ஜப்பானில் தயாரான" பேரழிவு என்றார். மேலிடத்தைக் கேள்வி கேட்காத குணம்தான் வேர் என்று எழுதினார். ஜப்பானிய மொழிப் பதிப்பில் அந்த வரிகள் இல்லை. எல்லோர் மேலும் பழி போட்டால் யார் மேலும் பழி இல்லை என்றாகிவிடும் என்று அப்போதே விமர்சனம் வந்தது. நியாயமான விமர்சனம். ஏனென்றால் அறிக்கையின் உள்ளே இருப்பது வேறு: கண்காணிக்க வேண்டிய அமைப்பு, தான் கண்காணிக்க வேண்டிய மின் நிறுவனத்தின் சொல்லுக்கே ஆடியிருக்கிறது. அந்தக் கண்காணிப்பு அமைப்போ, அணுமின்சாரத்தை வளர்க்கும் பொறுப்பில் இருந்த அமைச்சகத்துக்குக் கீழேயே இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் அதைக் கலைத்துவிட்டு, அங்கிருந்து பிரித்துத் தனியாக ஓர் ஆணையம் வைத்தார்கள்.