லோகெய்னுக்கு நான் வக்கீல் அல்ல

ஞாயிற்றுக்கிழமை அண்ணா நகர் மொட்டை மாடியில், ஒரு கணினி கேமில் வரும் தளபதி லோகெய்ன் ஏன் துரோகியானான் என்று நண்பர்களுக்குள் நடந்த வாதத்தைப் பற்றி ஏற்கெனவே மூன்று பேர் பதிவு போட்டு, அவற்றில் என்னைத் ‘துரோகியின் வக்கீல்’ என்று செல்லமாக அழைத்தும் விட்டார்கள் என்பதால், கட்டணம் எதுவும் வாங்காத நானும் ஒரு முறை வாதாடிவிடுகிறேன். அந்த கேமை, ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’, ஆடி முடிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். 2009இல் வந்த கேமின் ரகசியத்தை இதற்கு மேலும் காத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

நான் அன்று சொன்னது ஒன்றுதான். ஓஸ்டகார் போர்க்களத்தில் மன்னன் கெய்லனைக் கைவிட்டுப் படையோடு திரும்பிப் போன லோகெய்ன் செய்தது குற்றம். ஆனால் அவனை அதற்குத் தள்ளியது பதவி ஆசை அல்ல, பயம். காரணம் சொல்வது வேறு, மன்னிப்பது வேறு.

‘காரணமே காட்டாமல் திடீரென்று வில்லனாக்கிவிட்டார்கள், கதை அமைப்பே சரியில்லை’ என்ற நண்பர், போருக்கு முந்தைய ஆலோசனைக் காட்சியை ஓட்டிவிட்டுப் போனவர் என்பது என் சந்தேகம். அண்டைப் பேரரசான ஓர்லேயின் படை வரும்வரை காத்திருக்கலாமே என்று கெய்லன் அங்கே சொல்ல, நம்மைக் காத்துக்கொள்ள ஓர்லேக்காரர்கள் எதற்கு என்று லோகெய்ன் சீறுகிறான். அதே ஓர்லேயிடம் அடிமைப்பட்டுக் கிடந்த தங்கள் நாடான ஃபெரெல்டனை, கெய்லனின் தந்தை மேரிக்கோடு தோள் சேர்ந்து மீட்டவன் அவன். தான் மீட்ட நாட்டின் கதவை, நண்பனின் மகனும் தன் மருமகனுமாகிய ஒருவனே திறந்துவிடப் பார்த்தால் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? 2010இல் வந்த கூடுதல் பகுதியில், ஓர்லே பேரரசி செலீனோடு கெய்லன் நடத்திய கடிதப் போக்குவரத்தும் கையில் கிடைக்கிறது. இதற்கு மேல் என்ன காட்ட வேண்டும், தண்டோரா போட வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. மன்னனோடு சேர்த்து அவன் கைவிட்டது, அரக்கர் படையை எதிர்ப்பதற்கென்றே இருக்கும் கிரே வார்டன் என்ற வீரர்களையும்தான். அந்தப் படையை நடத்தும் ஆர்ச்டீமனைக் கிரே வார்டன் ஒருவரால்தான் கொல்ல முடியும் என்பதற்கான காரணத்தை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. ஆடுகிற நமக்கே அது இறுதிப் போருக்கு முந்தைய இரவில்தான் தெரிகிறது. நமக்கே தெரியாததை அவன் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

தலைநகர் டெனரிமின் எல்ஃப் இன மக்களை அவன் டெவின்டர் நாட்டு அடிமை வியாபாரிகளுக்கு விற்றானே என்று கேட்பீர்கள். விற்றான். படைக்குப் பணம் தேவைப்பட்டது என்று சொல்ல நாக்கு வரை வருகிறது, சொல்ல மாட்டேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

‘ஒரு கேமுக்கா இவ்வளவு?’ கும்பகருணன் செய்தது சரியா, வீடணன் செய்தது சரியா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பட்டிமன்றம் வைத்து, வடை சாப்பிட்டுக்கொண்டே கைதட்டும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்கு உண்மையிலேயே துணிச்சல் வேண்டும். அங்கே அண்ணன் தோற்பான் என்று தெரிந்தே அவனுக்காகச் செத்தவனைப் போற்றுகிறோம், அண்ணனை விட்டுப் போனவனையும் போற்றுகிறோம். கணினித் திரையில் வந்துவிட்டால் மட்டும் ஒரு மனிதனுக்கு ஒரே ஒரு மனம்தான் இருக்க வேண்டுமாம்.

பெரம்பூரில் எங்கள் தாத்தா மரவாடி வைத்திருந்தார். கூட்டாளி ஒருவர் கணக்கில் கைவைத்து அவரை நடுத்தெருவில் நிறுத்தியது நான் பிறப்பதற்கு முன்பு. பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கூட்டாளியின் மகனோடு சேர்ந்து தொழிலை விரிவாக்க அப்பா முன்பணம் கொடுத்து எல்லாவற்றையும் முடித்துவைத்த பிறகு, கையெழுத்துப் போட வேண்டிய காலையில் தாத்தா வரவில்லை. பணம் போயிற்று, அப்பா ஏழு ஆண்டுகள் அவரோடு பேசவில்லை, சொத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற கிழவர் என்று உறவுகள் பெயர் வைத்தன. அந்த மகன் நல்லவர் என்பது பின்னாளில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் முந்தைய இரவு தாத்தா பழைய பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தைக்கூடத் திருப்பாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்ததைப் பன்னிரண்டு வயதில் பார்த்தவன் நான். அவர் செய்தது தவறு. அது ஆசை இல்லை.

இதை மாடியில் சொன்னபோதுதான், ‘உன் தாத்தாவுக்காக ஒரு கொலைகாரனை நல்லவனாக்காதே’ என்ற வாசகம் வந்தது. நல்லவன் என்று நான் சொல்லவே இல்லை என்பதை மூன்றாவது முறையாக எழுதுகிறேன்.

பிரபுக்கள் கூடி முடிவெடுக்கும் லேண்ட்ஸ்மீட்டில் நான் லோகெய்னைக் கொல்லாமல் விட்டேன். அதற்காக அலிஸ்டர், அதுவரை கூடவே வந்தவன், என்னை விட்டுப் போய்விட்டான். அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் தேநீரைக்கூட முடிக்காமல் படியிறங்கிப் போனார். பதினைந்து ஆண்டுப் பழக்கம். அவர் இதைப் படிப்பார், விருப்பக்குறி மட்டும் இட மாட்டார்.