சதுரமும் செவ்வகம்தான், பிழை போடாதீர்கள்!

"எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களாகும். சரியா, பிழையா?" சரி என்று எழுதிய பிள்ளைக்கு ஒரு ரியூசன் வகுப்பில் பிழை போட்டிருக்கிறார்கள். சிவப்புப் பேனையால், பெரிதாக. பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: சதுரம் வேறு, செவ்வகம் வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் விடாததுமாகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ரியூசனுக்கு ஓடும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு, காசும் வாங்கிக்கொண்டு இதைத்தான் படிப்பிக்கிறார்கள்.

செவ்வகம் என்றால் என்ன? நான்கு கோணமும் செங்கோணமாக இருக்கிற நாற்பக்கல், அதாவது நான்கு பக்க உருவம். அவ்வளவுதான். நீளமும் அகலமும் வேறுவேறாக இருக்கவேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது? சதுரத்தில் நான்கும் செங்கோணம், ஆகவே அது செவ்வகம். அதற்குமேல் பக்கங்களும் சமனாக இருப்பதால் தனிப்பெயர் ஒன்றும் கிடைத்திருக்கிறது. கறுத்தக்கொழும்பானுக்குத் தனிப்பெயர் இருக்கிறது, ஆகவே அது மாம்பழம் இல்லை என்று திருநெல்வேலிச் சந்தையில் போய் ஒருக்கால் சொல்லிப் பாருங்கள்.

பிழை வாங்கியது என் அக்காவின் மகள். "சின்னம்மா, புத்தகத்தைப் பார்த்துத்தானே எழுதினனான்?" என்று அவள் கேட்டதும் பொறுக்க முடியாமல் அந்த ஆசிரியருக்கு போன் எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் இன்னும் எரிச்சல். "பிள்ளை, நீங்கள் சொல்லுறது கம்பஸ் (பல்கலைக்கழக) கணக்கு. நாங்கள் சோதினைக்கு வேண்டியதைத்தான் படிப்பிக்கிறம்" என்றார்.

சோதினைக்கு வேண்டியதா? சரி, சோதினையையே எடுப்போம். சாதாரண தரத்துக்கு இணைகரத் தேற்றங்கள் படிக்கவேண்டும். இணைகரம் என்றால் இரண்டு சோடி எதிர்ப்பக்கங்களும் சமாந்தரமான நாற்பக்கல். எதிர்ப்பக்கங்கள் சமன், எதிர்க்கோணங்கள் சமன், மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருகூறிடும். இதை இணைகரத்துக்கு ஒருதடவை நிறுவினால் செவ்வகம், சாய்சதுரம் (நான்கு பக்கமும் சமனானது), சதுரம் மூன்றுக்கும் சேர்த்தே நிறுவியாயிற்று. ஆனால் இவர்கள் கொடுக்கும் போட்டோக்கொப்பி நோட்ஸைப் பாருங்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் தனித்தனிக் கட்டம், கட்டத்துக்குள் அதே இயல்புகள் திரும்பத் திரும்ப. பிள்ளை அத்தனையையும் பாடமாக்குகிறது. ஒன்றைப் படித்தால் மற்றதெல்லாம் சும்மா வருமே என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை.

அதன் விளைவு நடுப்புள்ளித் தேற்றம் வரும்போது தெரியும். முக்கோணியின் இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்துக்குச் சமாந்தரம், அதில் பாதி என்பது அது. அதை வைத்து இன்னொன்றை நிறுவலாம். மூலை எதுவும் உள்ளே மடங்காத எந்தக் கோணல்மாணலான நாற்பக்கலை எடுத்தாலும், நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை வரிசையாக இணைத்தால் உள்ளே ஓர் இணைகரம் வரும். பரப்பளவு வெளியே உள்ளதில் சரிபாதி. வரிஞோன் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் பெயரில் இருக்கும் தேற்றம் இது, 1731இல், அவர் இறந்த பிறகு அச்சானது. எல்லை வளைந்து நெளியாமல், மூலை உள்ளே மடங்காமல் நான்கு நேர்வேலியோடு இரண்டு பரப்புக் காணி (பரப்பு எங்கள் ஊர்க் காணி அளவு) இருந்தால், அது எவ்வளவு கோணலாக இருந்தாலும் உள்ளே ஒரு பரப்பில் அழகான இணைகரம் ஒன்று கிடக்கிறது. அருமையான விஷயம். ஆனால் வெளியே சதுரத்தை வரைந்துகொடுத்து, உள்ளே வருவது இணைகரம் என்று நிறுவச் சொன்னால், நோட்ஸ் பாடமாக்கிய பிள்ளை பேனையை வைத்துவிடும். ஏனென்றால் உள்ளே வருவது சதுரம். சதுரம் எப்படி இணைகரமாகும், கட்டம் வேறல்லவா?

இதை விளங்கப்படுத்த ஒரு சதமும் வேண்டாம். தை மாதம் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றுகிற ஊர்க்காரர் நாங்கள், இரண்டு ஈர்க்கு எடுக்கத் தெரியாதா? ஒன்று நீளம், மற்றது கட்டை. இரண்டையும் நடுவில் வைத்துக் கட்டுங்கள், நுனிகளைச் சுற்றி நூலை இழுங்கள். வருவது இணைகரம். ஈர்க்குகளை மெல்லத் திருப்பி ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்துங்கள், சாய்சதுரம். இப்போது நீளமானதை இரு நுனியிலும் ஒரேயளவு நறுக்கி இரண்டையும் சமனாக்குங்கள், சதுரம். செங்குத்தைக் கலைத்துக் கொஞ்சம் திருப்புங்கள், செவ்வகம். சாய்சதுரமும் செவ்வகமும் சந்திக்கிற இடம்தான் சதுரம் என்று பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். பிறகு ஈர்க்குகளைச் செங்குத்தாகவே வைத்து, குறுக்கு ஈர்க்கை அதன் நடுவில் பிடித்து நெடுக்கு ஈர்க்கின் வழியே மேலே தள்ளுங்கள். பாடப்புத்தகத்துப் பட்டம், அதாவது அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டு சோடியாகச் சமனான நாற்பக்கல், வந்துவிடும். கீழே இறக்கிக்கொண்டு வந்தால் நெடுக்கின் நடுவில் அது மறுபடி சாய்சதுரம், அல்லது ஈர்க்குகள் சமனென்றால் சதுரம். சாய்சதுரமும் ஒரு பட்டம்தான் என்பதற்கு இதைவிட வேறென்ன நிறுவல் வேண்டும்? (கொக்குப் பட்டம், எட்டுமூலைப் பட்டமெல்லாம் இந்தக் கணக்கில் வராது. காற்றில் ஒலியெழுப்பும் விண் கட்டிப் பறக்கவிட அவைதான் திறம்.)

மேசன்மாருக்கு இது அத்துப்படி. அத்திவாரம் வெட்ட நூல் கட்டும்போது, எதிர்ப்பக்கங்களைச் சமனாக்கிவிட்டு மூலைக்கு மூலை டேப் பிடிப்பார்கள். 12க்கு 9 அடி அறை என்றால் இரண்டு பக்கமும் 15 அடி வரவேண்டும். 12க்கு 12 அறைக்கும் அதே சோதனைதான், இரண்டு மூலைவிட்டமும் சமனா என்பதுதான் கேள்வி. இது சதுர அறை, செவ்வகச் சோதனை செல்லாது என்று எந்த மேசனும் நூலை அவிழ்த்துவிட்டுப் போனதில்லை.

கணிதம் தெரிந்த நண்பர் ஒருவர் குறுக்கே வந்தார்: பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்கிளிட்டே பிரித்துத்தானே வைத்தார்? உண்மைதான். மூலகங்கள் நூலின் முதற் பாகத்தில், 22ஆவது வரையறையில், செங்கோணமிருந்தும் பக்கங்கள் சமனில்லாததைத்தான் நீள்சதுரம் என்கிறார், சதுரத்தைச் சேர்க்கவில்லை. ஆனால் அதே பாகத்தின் 46ஆவது கூற்றில் சதுரம் அமைக்கும்போது என்ன செய்கிறார்? சமாந்தரக் கோடுகளை வரைந்து, இது இணைகரம், ஆகவே எதிர்ப்பக்கங்கள் சமன் என்று 34ஆவது கூற்றைக் கூப்பிடுகிறார். பெயர் வைக்கும்போது பிரித்தவர் வேலை செய்யும்போது சேர்த்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது பிள்ளைகளுக்கு இயல்பாகவே கடினம் என்பது உண்மை. ஒல்லாந்தில் வான் ஹீலே என்ற கணவனும் மனைவியும் 1957இலேயே தங்கள் ஆய்வேடுகளில் இதை எழுதிவிட்டார்கள். பிள்ளை முதலில் தோற்றத்தை வைத்துப் பெயர் சொல்லும், பிறகு இயல்புகளைச் சொல்லும், அதற்குப் பிறகுதான் ஒன்று மற்றதற்குள் அடங்குவது பிடிபடும். அந்த மூன்றாவது படிக்கு ஏற்றிவிடத்தானே ஆசிரியர்? (ஒல்லாந்தர் இங்கே விட்டுப்போன கோட்டை ஐங்கோணம். நல்ல காலம், அது இந்தச் சண்டைக்குள் வராது.) தானாகவே மூன்றாம் படிக்கு ஏறிய பிள்ளையை இரண்டாம் படிக்கு இழுத்து விழுத்துவதற்குப் பெயர் படிப்பித்தலா?

சரிவகத்தில் மட்டும் நான் கொஞ்சம் விட்டுக்கொடுப்பேன். ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் மட்டும் சமாந்தரம் என்பவர்களும் உண்டு, குறைந்தது ஒரு சோடி என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். சமாந்தரப் பக்கங்களைக் கூட்டி, உயரத்தால் பெருக்கிப் பாதியாக்குகிற சூத்திரத்தில் இரண்டு பக்கத்தையும் சமனாகப் போட்டால் இணைகரத்தின் பரப்பளவு அப்படியே வருகிறது. ஆனால் அப்படி எடுத்தால், சாய்ந்த பக்கங்கள் சமன் என்று இருசமபக்கச் சரிவகத்தை வரையறுக்க முடியாது, எல்லா இணைகரமும் உள்ளே விழுந்துவிடும். அடிக்கோணங்களை வைத்துச் சொல்லவேண்டும். ஆகவே உங்கள் புத்தகம் எதை எடுக்கிறதோ அதில் நில்லுங்கள். செவ்வகத்தில் அந்தச் சாக்கு யாருக்கும் இல்லை.

அடுத்த வகுப்புச் சோதனைக்கு நானே ஒரு கேள்வி தருகிறேன், காசு வேண்டாம். ஒரு நாற்பக்கலின் நான்கு பக்கமும் சமன், ஒரு கோணம் 90 பாகை. பொருந்தும் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதுக. விடை: சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம், பட்டம், நாற்பக்கல். சரிவகம் உங்கள் விருப்பம். மற்ற ஆறுக்கும் புள்ளி போடுங்கள்.