‘தேடினால் கிடைக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு

முந்தாநாள் முதல் எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்த மேடைப் பேச்சை நானும் முழுவதுமாகக் கேட்டேன். பேசிய அறக்கட்டளைக்காரர் யார், எந்த ஊர் விழா என்பதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. “உதவித்தொகை கொட்டிக் கெடக்குது, நம்ம பசங்களுக்குத் தேடறதுக்குச் சோம்பல், பெத்தவங்களுக்கு அக்கறை இல்லை” என்று அவர் சொன்னதும் மண்டபமே கைதட்டியது. அதைப் பகிர்ந்து ‘நூறு சதவீதம் உண்மை’ என்று எழுதியவர்களில் சிலர் என் நட்பு வட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்ணப்பிக்காமல் விடுவதற்குச் சோம்பல் காரணமே அல்ல. இந்த வேலையில் தேடுவதுதான் மிக எளிய பகுதி. பன்னிரண்டாம் வகுப்பில் முன்வரிசை மதிப்பெண் எடுத்தவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் தருகிறது. அதற்குக் குடும்ப வருமான வரம்பு 4.5 லட்சம். தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கான ‘பிரகதி’ உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 தருகிறது. வரம்பு 8 லட்சம். பிற்படுத்தப்பட்டோருக்கான மாநில அரசின் உதவித்தொகைக்கு வரம்பு 2.5 லட்சம். கைப்பேசி வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் இவற்றை ஒரு மாலைப்பொழுதில் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் மேடையில் நிற்பவர்கள் யாரும் பேசுவதில்லை.

நாங்கள் கோவை மாவட்டத்தில் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு விசைத்தறிகள். வியாபாரி பாவும் ஊடை நூலும் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி எங்களுடையது, அதில் ஓடும் துணி எங்களுடையது அன்று. இதே கூலிக்காகத்தான் 2022இலும் 2025இலும் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்திப் போராடினார்கள் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு வருமானச் சான்றுக்காக அப்பா அரசு அலுவலகத்தில் போய் நின்றபோது, அங்கிருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “எட்டுத் தறி ஓட்டறீங்க, நீங்க மொதலாளியாச்சுங்களே, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சான்று?” என்பதுதான். அப்பா சட்டைப் பையிலிருந்து கூலிச் சீட்டுகளை எடுத்து நீட்டினார். வியாபாரியின் கணக்குப்பிள்ளை பால்பாயிண்ட் பேனாவில் மீட்டரையும் தொகையையும் கிறுக்கிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகள் அவை. முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, ஆதலால் அவை கணக்கில் வராது என்று சொல்லிவிட்டார்கள்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவள் என்பதற்கான முதல் பட்டதாரிச் சான்றுக்குப் போனபோது அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கேட்டார்கள். ஐந்தாவதோடு நின்று தறிக்கு வந்தவர் அவர். தான் கல்லூரியில் படிக்கவில்லை என்பதை மெய்ப்பிக்க, தான் பள்ளியில் படித்ததற்கான காகிதத்தை அவர் தேடிக்கொண்டு அலைந்தார். அவர் வெளியே போன ஒவ்வொரு நாளும் எட்டுத் தறிகளையும் அம்மா ஒருத்தியே பார்த்துக்கொண்டாள், அல்லது பாதித் தறிகள் நின்றன. இதற்குப் பெயர் அக்கறை இல்லாமை என்றால், அக்கறை எப்படி இருக்கும் என்பதை அந்தப் பெரியவர்தான் எனக்கு விளக்க வேண்டும்.

‘அது அந்தக் காலம், இப்போது எல்லாம் இ-சேவை மையத்திலேயே முடிந்துவிடுகிறதே’ என்று ஒருவர் கட்டாயம் வருவார். வரிசை குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விண்ணப்பத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பவர் மாறவில்லை, துண்டுச் சீட்டும் மாறவில்லை. போதாததற்குப் புதிய சிக்கல்கள் சேர்ந்திருக்கின்றன. எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பள்ளியில் படிக்கும்போது ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தார்கள், கல்லூரியில் சேர்ந்ததும் இன்னொன்று. விண்ணப்பத்தில் புதிய கணக்கின் எண்ணைத்தான் எழுதினாள். ஆதார் இணைந்திருந்ததோ பழைய கணக்கில். அரசுப் பணம் பெரும்பாலும் நாம் எழுதிக் கொடுக்கும் எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடந்த அந்தக் கணக்கில் அவளுடைய பணம் போய் உட்கார்ந்துகொண்டது. அவளோ தனக்கு வரவேயில்லை என்று நம்பி அடுத்த ஆண்டு விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டாள். அந்தப் பேச்சின்படி இவளும் ஒரு சோம்பேறி.

‘அரசு இவ்வளவு செய்தும் நன்றி இல்லையா’ என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். நன்றி இருக்கிறது, வேண்டிய அளவு இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்து, அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்களே, அதைப் பாருங்கள். இடம் கிடைத்தால் கட்டணமும் கூடவே தீர்ந்துவிடுகிறது. அதற்கென்று தனியாக ஒரு கதவைத் தேடிப் பிள்ளை அலைய வேண்டியதில்லை. சோம்பல்தான் நோய் என்றால் அந்த இடங்களுக்கும் ஆளே வராமலல்லவா போயிருக்க வேண்டும்? கொடுப்பதைச் சுற்றி வேலி போடாமல் கொடுத்தால் எங்கள் பிள்ளைகள் வாங்கிக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

கல்விக் கடனைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 4 லட்சம் வரை பிணை தேவையில்லை என்பதும் தெரியும், அதே வங்கியில் ‘காடு, தோட்டத்துப் பத்திரம் ஏதாவது இருக்குதுங்களா’ என்று கேட்பதும் தெரியும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய ஒன்றை அந்த மேடை தொடவே இல்லை. கட்டணம் சேர்க்கையின்போதே கட்ட வேண்டும். உதவித்தொகை எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து, பல நேரம் ஆண்டின் கடைசியில், சில நேரம் அடுத்த ஆண்டில் வரும். நடுவில் இருக்கும் அந்த மாதங்களுக்குப் பணம் எங்கிருந்து வரும்? அம்மாவின் தோடு போகும், சீட்டைத் தள்ளி எடுப்பார்கள், இல்லையென்றால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். வாங்கியபின் கூலி உயர்வு கேட்க வாய் வராது. எனக்கு அப்படித்தான் நடந்தது. என் பணம் வந்து சேர்ந்தபோது அது வட்டிக்குத்தான் போயிற்று. ‘தேடினால் கிடைக்கும்’ என்பவர்கள் எப்போது கிடைக்கும் என்பதையும் ஒரு வரி சொல்லிவிட்டுப் போகலாம்.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேச்சு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை மேடையேற்றி, ஆளுயர அட்டைக் காசோலையைப் பிடிக்க வைத்து, அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னார்கள். ஒரு பெண் “தறிக்குப் போறாருங்க” என்றாள். அதற்கும் கைதட்டல். படத்தை மறுநாளே முகநூலில் ஏற்றியாயிற்று. பதினேழு வயதுப் பிள்ளை தன் வகுப்புத் தோழிகள் முன்னால் தன் வறுமையை அறிவித்துப் பெறுவதற்குப் பெயர் உதவியாம், அதைக் கேட்டு வராத பிள்ளைக்குப் பெயர் சோம்பேறியாம். எனக்கும் அப்படி ஒரு மேடைக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை. அப்பா போகச் சொல்லவும் இல்லை. என்னைப் பற்றியும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு மண்டபத்தில் அக்கறை இல்லாதவள் என்று பேசியிருப்பார்.

அந்தப் பெரியவரின் அறக்கட்டளைக்கு உண்மையிலேயே கொடுக்கும் எண்ணம் இருந்தால், வழி மிக எளிது. பிள்ளை சேரும் கல்லூரியின் கணக்கில், கட்டணத்துக்கான கடைசித் தேதிக்கு முன்னால் பணத்தைக் கட்டுங்கள். அரசுப் பணம் வந்ததும் பிள்ளையின் வீட்டார் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கடனை வைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ரசீதைக் கூரியரில் அனுப்பினால் போதும், மண்டப வாடகையும் மிச்சம்.