பத்து லிட்டரில் வந்தது, ஐந்நூறு லிட்டரில் திரிந்தது

அரசு ஆய்வகத்திலிருந்து தொழில்நுட்பம் வாங்கியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கட்டணம் கட்டி ஒரு பூச்சுக்கான செய்முறையை வாங்கினேன். கையெழுத்துப் போட்டோம், பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். அங்கே பத்து லிட்டரில் அருமையாக வந்த கலவை எங்கள் பட்டறையின் ஐந்நூறு லிட்டர் தொட்டியில் திரிந்துபோனது. போன் செய்தால், அதை உருவாக்கிய விஞ்ஞானிக்கு வேறு ஊருக்கு மாற்றல் என்றார்கள். அவர் இடத்துக்கு வந்தவர், "ஃபைல்ல இருக்கிறதுதான் சார், அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எவ்வளவு வேகத்தில் கிளற வேண்டும், எந்த நிறம் வந்ததும் சூட்டைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் கோப்பில் ஏறாது, செய்தவர் கையில்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றும் உண்டு. மருத்துவமனையும் ஆய்வகமும் சேர்ந்திருக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிலையத்தின் இதய வால்வு கதையை எல்லோரும் படிக்க வேண்டும். வாத சுரத்தால் சின்ன வயதிலேயே வால்வு பழுதானவர்கள் இங்கே ஏராளம். வெளிநாட்டு வால்வு விலையோ எட்டாத உயரம். இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இங்கேயே செய்ய இறங்கினார்கள். வால்வு வருடத்துக்கு ஏறக்குறைய 4 கோடி முறை திறந்து மூட வேண்டும். ஒரு மாதிரி தோற்றது, அடுத்ததும் தோற்றது. வால்வுக்குள் திறந்து மூடும் தகட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்து பார்த்தார்கள், அதுகூட உடைந்தது. கடைசியில் தகட்டுக்குக் கைகொடுத்தது ஒரு வகை பாலிஎதிலீன் பிளாஸ்டிக். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள்.

தயாரிப்பை ஏற்றது சென்னை டிடிகே, நம் வீட்டு பிரெஸ்டீஜ் குக்கர் குழுமம்தான். தொழிற்சாலையைத் திருவனந்தபுரத்திலேயே போட்டார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பக்கத்து வீட்டு உறவுதான். நோயாளியைப் பார்த்த மருத்துவர், தகட்டைச் சோதித்த பொறியாளர், அதைச் செய்த தொழிலாளி எல்லோரும் ஒரே ஊரில். சந்தேகம் வந்தால் போய்க் கேட்க ஆள் இருந்தது. இதுவரை லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் மனித இதயங்களுக்குள் போயிருக்கின்றன.

எல்லா ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே ஆலை கட்ட முடியாதுதான். ஆனால் ஆளை அனுப்பலாமே? ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: சரக்கு சரியாக வரும்வரை, உருவாக்கிய விஞ்ஞானி வாங்கியவரின் பட்டறைக்கு வந்து நிற்க வேண்டும். அதற்கான சம்பளத்தில் ஒரு பங்கை நாங்கள் தருகிறோம். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும் குழு, அவர் எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாதங்களையும் எண்ணட்டும்.